ஏறாத இறங்காத குரல்

மகன்,

நீ சுகமாகத்தான் இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்ட சிரிப்பே அதைச் சொல்லிவிட்டது. நானும் சுகம்தான். என் வாயால் சொன்னால் நீ நம்பமாட்டாய் என்பதால் எழுதி வைக்கிறேன். முழங்கால் மட்டும் படியேறும்போது முறுமுறுக்கிறது. டொக்டரிடம் டெர்மீன் கேட்டால் உன் கலியாணம் முடிந்து, பிள்ளையும் பிறந்து, அதற்குப் பல்லும் முளைத்த பிறகு வா என்கிற மாதிரி ஒரு திகதி தருகிறார்கள். அதுவரை மெதுவாக ஏறிக்கொள்கிறேன். அவசரமாக ஏறிப் போய்ப் பார்க்க மேலே வீட்டில் யாரும் இல்லைத்தானே.

நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. கோபமும் இல்லை. வந்தால் நல்லது என்று கொஞ்ச நேரம் கதிரையில் இருந்து பார்த்தேன், வரவில்லை. "அப்பா, கோவிக்கக் கூடாது. கலியாண ஹோலில நீங்கள் கதைக்க வேண்டாம், பெரியமாமா கதைக்கட்டும். நீங்கள் மைக்கைப் பிடிச்சா சனம் எழும்பி நிண்டு மௌன அஞ்சலி செலுத்தத் தொடங்கிவிடும்" என்றாய். பக்கத்தில் என் வருங்கால மருமகள் சுபா "சும்மா இருங்கோ" என்று உன்னை அதட்டியதும் கேட்டது. நல்ல பிள்ளை. நானும் சிரித்தேன், அல்லது சிரித்ததாக நினைத்தேன். பிறகு நீ குரலைத் தணித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாய். "அம்மா செத்ததை எனக்குப் போனில சொன்ன நேரமும் இதே குரல்தான். நான் கலியாணம் முடிக்கப் போறன் எண்டு சொல்ல 'நல்லது' எண்டீங்கள், அதுவும் இதே குரல்தான். உங்களுக்கு உள்ளுக்க என்ன நடக்குது எண்டு எனக்கு ஒருநாளும் விளங்கினதில்லை அப்பா." அதற்கு நான் "ஓம்" என்றேன். அதுவும் அதே குரலில்தான் வந்திருக்கும்.

ஆகவே இந்தக் கடிதத்தை நீ ஒரு அன்ராக், ஒரு விண்ணப்பம் என்றே வைத்துக்கொள். இந்த நாட்டில் எத்தனையோ அன்ராக் எழுதியிருக்கிறேன், இது ஒன்றுதான் தமிழில். கலியாணத்தன்று அந்த மைக்கில் எனக்கு ஒரு வசனம் சொல்ல இடம் தர வேண்டும். ஒரே ஒரு வசனம், அதற்குமேல் மூச்சு விடமாட்டேன். ஏலாது என்றால் பெரியமாமாவே பேசட்டும். அவர் பேசத் தொடங்கினால் சோறு ஆறிப்போகும் என்பதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். ஆனால் முடிவெடுப்பதற்கு முன்னால் இந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா உனக்குப் பாதி சொல்லியிருப்பா. மீதியை நான் அவவுக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

நான் ஒரு காலத்தில் பாடினவன். சிரிக்காதே. ஊரில் எங்கள் கோவிலில் பாடகர் குழாம் என் கையில்தான் இருந்தது. ஆர்மோனியமும் நான், மெட்டும் நான், யார் பிந்தி வந்தாலும் ஏச்சும் நான். எனக்கு இன்னொரு கெட்டித்தனமும் இருந்தது. எந்த மெட்டைக் கொடுத்தாலும் அதற்குத் தமிழ்ச் சொல் வைத்துவிடுவேன். பாதர் வெளிநாட்டு ஞானப்பாட்டு ஒன்றை விசிலடித்துக் காட்டுவார், அடுத்த பூசைக்குள் அது தமிழில் தயார். தமிழில் அது பெரிய வித்தை இல்லை. எங்கே நெடில், எங்கே குறில், எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று பார்த்து அடுக்கினால் போதும். மெட்டு மேலே போகட்டும், கீழே போகட்டும், சொல் தன் பாட்டில் சொல்லாகவே இருக்கும். அம்மா என்பதை உச்சியில் வைத்துப் பாடினாலும் அம்மாதான், அடியில் வைத்தாலும் அம்மாதான். உலகத்தில் எல்லா மொழியும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு நீ பிறந்து சில மாதங்களில், ஆடிக் கலவரத்தில், கொழும்பில் வேலை பார்த்த உன் சித்தப்பா போய்விட்டான். எப்படிப் போனான் என்பதை நான் இப்போதும் எழுதப் போவதில்லை. உடலும் வரவில்லை. முப்பத்தோராம் நாள் பூசையில் நான்தான் பாட்டைத் தொடங்க வேண்டும். வாயைத் திறந்தேன். சொல் வந்தது, சத்தம் வந்தது, ஆனால் எல்லாம் ஒரே உயரத்தில் வந்தது. ஏறவேண்டிய இடத்தில் ஏறவில்லை, இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை. நான் சுருதி பிடித்துக் கொடுக்கிறேன் என்று நினைத்துக் குழாம் சும்மா காத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு நான் பாடவில்லை. பேச்சும் அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. உன் அம்மா வந்து, "ஒருக்கா அழுது முடியுங்கோப்பா, உங்களைப் பார்க்க எனக்குப் பயமாக் கிடக்கு" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினா. வலி இருந்திருந்தால் அழுதிருப்பேன். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், தொட்டால் அது வேறொருவருடைய தாடை. எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

அப்படியே கிழக்கு பெர்லின் வழியாக இந்த நாட்டுக்குள் வந்து அசூல் அடித்தேன், அகதியாகப் பதிந்தேன். உன்னையும் அம்மாவையும் விட்டுவிட்டு விமானம் ஏறினபோதும் அதே நிலைதான். நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாய். அம்மா உன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எடுத்தா. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். வந்த அகதிகளைப் பிரித்து என்னை அனுப்பிய இடம் ஹனோவருக்குத் தெற்கே, பஸ் திரும்புகிற கடைசித் தரிப்பிடத்தில், யாரோ கைவிட்ட ஒரு பழைய விடுதி. ஹைம் என்பார்கள். வேலை செய்ய விடமாட்டார்கள், அந்த மாவட்ட எல்லையைத் தாண்ட விடமாட்டார்கள். சமைப்பது, படுப்பது, தபால்காரன் வருகிறானா என்று யன்னலால் பார்ப்பது, இவைதான் எங்கள் உத்தியோகம். இருந்தவர்கள் முக்கால்வாசி நம்முடைய பொடியள். வயதில் மூத்தவன் என்பதால் நான் எல்லோருக்கும் அண்ணை. சோறு அடிப்பிடித்தாலும் அண்ணை, ஜேர்மன் கடிதம் வந்தாலும் அண்ணை, வரவேண்டிய கடிதம் வராவிட்டாலும் அண்ணை.

கீழ்த்தட்டில் ஒரு வியட்நாம் தம்பதி இருந்தார்கள். மனைவி லியென், கணவர் சோன். படகில் கடலில் கிடந்து, கப்பல்காரர் தூக்கிக்கொண்டுவந்தவர்கள். அவர்களுக்கு இந்த நாட்டில் இருக்கப் பேப்பர் கிடைத்திருந்தது, வீடு கிடைக்கும்வரை அங்கே வைத்திருந்தார்கள். படகில் தண்ணீர் முடிந்துபோன நாட்களில் அவர்களுடைய மகன் துங் இறந்துபோனான். கடலில்தான் விட்டார்கள். நான் ஊரில் விட்டுவந்த உன் வயதுதான் அவனுக்கும். எங்களுக்குள் இருந்த பொது மொழி உடைந்த ஜேர்மன், அதை நான் இங்கே நம்முடைய பேச்சில் எழுதுகிறேன். லியெனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'அண்ணை'. சமையலறையிலிருந்து மேல்மாடிக்குப் பொடியள் "அண்ணைஐ!" என்று கூவுவதைக் கேட்டுப் பழகியவர். ஆகவே எனக்கு நேர் முன்னால் நின்றுகொண்டு மெல்லிய குரலில் கூப்பிட்டாலும், அந்தக் கூவலின் ஏற்றம் இறக்கம் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே சொல்வார். ஒருமுறை டொக்டர் வீட்டு வரிசையில் என் காதுக்குள் குசுகுசுத்ததும் அதே கூவல்தான், சத்தம் மட்டும் சின்னது. பொடியள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எங்கள் ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

அவர்களும் கத்தோலிக்கர். துங் போன நாள் திரும்பி வந்தபோது பங்குக் கோவிலில் ஒரு பூசை சொல்வதாக இருந்தது. அகதிகளைக் கவனிக்க வருகிற ஒரு ஜேர்மன் சிஸ்டர், 'உங்களுக்கு இசை தெரியுமாமே' என்று என்னிடம் வந்தார். லியென் மகனுக்காகச் சில வரிகள் எழுதி வைத்திருந்தார். அதைப் பூசையில் பாடவேண்டும் என்பது அவருக்கு ஒரு பிடிவாதம். 'கடலில விடேக்க ஒண்டும் சொல்ல நேரமிருக்கேல்லை. இப்ப சொல்லவேணும்' என்றார். தன்னால் பாட ஏலாது, யாராவது பாடினால் போதும் என்றார். சிஸ்டர் பங்கு மண்டபத்திலிருந்து ஒரு சின்ன ஓர்கன் கொண்டுவந்து ஹைமின் சாப்பாட்டறையில் வைத்தார். என்னால் பாடத்தானே முடியாது, விரலுக்கு என்ன என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

என் பழைய கெட்டித்தனத்தைக் கையில் எடுத்தேன். லியென் வாசிக்க வாசிக்க வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். அவர்களுடைய எழுத்துக்கு மேலும் கீழும் சின்னச் சின்னக் கோடும் புள்ளியும் கிடந்தன. அலங்காரமாக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு அந்தக் கோவிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஞானப்பாட்டின் மெட்டை எடுத்து, சொல்லை எண்ணி, நீளம் பார்த்து, மூச்சுக்கு இடம் விட்டு அடுக்கினேன். கச்சிதமாகப் பொருந்தியது, ஒரு இடத்திலும் இழுக்கவோ விழுங்கவோ தேவையில்லை. மெட்டிலேயே ஆக அழகான இடம், உச்சத்தில் போய் நீண்டு நிற்கிற ஒரு சுரம். அதில் துங் என்ற பெயரை வைத்தேன். தாய்க்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துத்தான் வைத்தேன். நல்ல குரலுள்ள பொடியள் இருவருக்குப் பழக்கி, ஒரு நாள் லியெனையும் சோனையும் கூட்டிவந்து சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருத்திப் பாடவைத்தேன்.

இருவரும் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்கள். பாட்டு முடிந்தது. லியென் தலையை ஆட்டி, "நல்லாயிருக்கு அண்ணை. உங்கட பாட்டு நல்ல வடிவு. என்ர பாட்டு எப்ப வரும்?" என்றார்.

பொடியள் என்னைப் பார்த்தார்கள். "இவ்வளவு நேரமும் படிச்சது அதுதான்" என்றேன். லியென் சோனைப் பார்த்தார். "துங் எங்க?" என்றார். நான் தாளில் விரலை வைத்துக் காட்டினேன், பொடியன் அந்த இடத்தைத் திரும்பப் பாடினான், நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு. லியென் இல்லை என்று தலையசைத்தார். சோன் தன் கையைத் தோள் உயரத்தில் பிடித்து, "துங்" என்று சொல்லிக்கொண்டே மெதுவாக இடுப்புவரை இறக்கினார். அந்தப் பெயர் கீழே இறங்குகிற பெயர். "மேல வைச்சா அது வேற ஆரோ அண்ணை" என்றார் லியென். "நீங்கள் அப்பிடிக் கூப்பிட்டா என்ர பிள்ளை திரும்பிப் பார்க்கமாட்டான்."

எனக்கு வந்த கோபம்! உன் சித்தப்பா போன பிறகு எனக்குள் முதலில் அசைந்த உணர்ச்சி அதுதான், அதற்காகவாவது அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இவ்வளவு பாடுபட்டுச் செய்துகொடுக்க, நொட்டை சொல்கிறார்களே என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேலே போய்விட்டேன். சில நாட்கள் அவர்கள் இல்லாத நேரம் பார்த்துத்தான் சமையலறைக்குப் போனேன். பிறகு ஒரு மத்தியானம் கதவுக்கு வெளியே "அண்ணை" என்று கேட்டது. மெல்லிய சத்தம், கெஞ்சுகிற நிலைமை, ஆனால் அதே சமையலறைக் கூவல். நான் கட்டிலில் கிடந்தபடியே இரண்டு மூன்று தரம் கேட்டேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்த மனிசி ஒரு நாளும் என் பெயரை மாற்றிச் சொன்னதில்லை. எந்த ஏற்ற இறக்கத்தில் முதன்முதல் கேட்டதோ, அதுவும் பெயரில் ஒரு பகுதி என்று நினைத்து, உப்புப் போல அளவு பிசகாமல் காப்பாற்றி வைத்திருக்கிறது. நானோ அவருடைய பிள்ளையின் பெயரைப் பாதியைப் பிய்த்து எறிந்துவிட்டு, மீதியை அழகான இடத்தில் வைத்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். எழும்பிப் போய்க் கதவைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு வேலை தலைகீழாக நடந்தது. முதலில் மெட்டு இல்லை. லியென் ஒரு வரியைச் சும்மா பேசுவார், நான் ஓர்கனில் அதன் பின்னால் போவேன். எந்தச் சொல் மேலே ஏறுகிறது, எது கீழே சரிகிறது, எது பாதியில் முறிந்து எழும்புகிறது என்று பார்த்து அதன் அடியில் சுரம் வைப்பேன். தொடக்கத்தில் பேச்சின் உயரத்தை அப்படியே பிடிக்கவேண்டும் என்று மண்டையை உடைத்தேன். தேவையில்லை என்று பிறகு தெரிந்தது. ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குப் பேச்சு இறங்கினால் மெட்டு ஏறக்கூடாது, ஏறினால் இறங்கக்கூடாது, எதிர்த்துக்கொண்டு போகாமல் இருந்தால் போதும். எவ்வளவு தூரம் ஏறுவது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதெல்லாம் மெட்டின் விருப்பம். கட்டாயம் மாறித்தான் ஆகவேண்டும் என்கிற இடத்தில், சுரத்தின் வாசலில் ஒரு சின்னச் சறுக்கல் போட்டு உள்ளே நுழைந்தால் சொல் பிழைத்துக்கொள்ளும். லியென் அப்படிச் சறுக்கிக் காட்டுவார், நான் விரலால் தேடுவேன், ஓர்கனில் அகப்படாது, சோன் சிரிப்பார். சுபாவோடு வாழப்போகிற உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்று இருந்தால் அது இந்தச் சாப்பாட்டறையில் படித்ததுதான். அவள் என்ன சொல் சொன்னாள் என்று எண்ணிக்கொண்டிருக்காதே. எந்தப் பக்கம் போகிறாள் என்று பார், அதற்கு எதிராக இழுக்காதே. நான் உன் அம்மாவின் சொல்லை எண்ணினவன். "எனக்கு ஒண்டுமில்லை" என்று அவ சொன்னால் ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொண்டு பேப்பர் வாசித்தவன்.

அப்படி வைத்துக்கொண்டு போகும்போது சில சொற்கள் என்னைக் குழப்பின. அவை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, நேராகப் போயின. இதற்கு ஒன்றும் இல்லையே, இதை என் விருப்பப்படி எங்கேயும் வைக்கலாமா என்று கேட்டேன். "ஏலாது, ஏலாது" என்று லியென் பதறிவிட்டார். "ஒண்டும் இல்லை எண்டு ஆர் சொன்னது? நேராப் போறதும் ஒண்டுதான் அண்ணை. அதுக்கும் இடமிருக்கு. என்ர பேரே அதுதான்." தன் கையை வயிற்றுக்கு முன்னால் தட்டையாக நகர்த்திக்கொண்டு "லியென்" என்று சொல்லிக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, மிகச் சாதாரணமாக, சாமான் கடையில் விலை சொல்வதுபோல், "நீங்கள் கதைக்கிறது முழுக்க அதுதானே" என்றார். என் குரலில் ராகம் செத்துவிட்டது என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். உன் அம்மாவும், பாதரும், குழாமும் அப்படித்தான் நினைத்தார்கள். அதையும் ஒன்றாகக் கணக்கில் எடுக்கிற மனிதரை நான் முதன்முதலாகக் கண்டேன். அதனால் சந்தோஷம் வந்தது என்று எழுத ஆசை. வரவில்லை. ஓர்கனின் கட்டைகள் குளிராக இருந்தன, அடுத்த வரியைச் சொல்லச் சொன்னேன்.

பூசையன்று பொடியளை நிறுத்திவிட்டோம். லியென்தான் பாடினார். பாட ஏலாது என்றவர், தன் பேச்சிலிருந்தே எடுத்த மெட்டு என்பதால் பேசுகிற மாதிரியே தொடங்கி, எங்கே பேச்சு முடிந்து பாட்டு வந்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருந்தார். துங் என்ற பெயர் வந்த இடத்தில் மெட்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. பெயர் வரும் ஒவ்வொரு தரமும் சோன் குனிந்து, கையை மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தார். முடிந்த பிறகு முன் வாங்கில் இருந்த ஒரு ஜேர்மன் கிழவர் என்னிடம் வந்து, அது பாட்டா செபமா என்று கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். வெளியே வந்தபோது லியென் என் கையைப் பிடித்து, "அவன் கேட்டிருப்பான்" என்றார். எல்லோரும் அழுதார்கள். நான் ஓர்கனைத் துணியால் மூடிவிட்டு வந்தேன்.

இனி உன்னுடைய கதை. அந்தக் காலத்தில் ஊருக்குப் போன் எடுக்க வழியில்லை, எல்லோரும் பேச்சைக் கசெட்டில் பதிந்து அனுப்புவோம். நானும் அனுப்பினேன். நீ என் குரலைக் கேட்டுப் பயப்படக்கூடாது என்று, வானொலியில் சிறுவர் நிகழ்ச்சி செய்கிறவர் மாதிரித் தேனும் பாலும் ஊற்றிப் பேசுவேன். ஒரு கசெட்டில் ஒரு குரல், அடுத்ததில் வேறொன்று, எது உனக்குப் பிடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மா எழுதினா: 'பிள்ளை ஒவ்வொரு முறையும் "இது ஆர்?" எண்டு கேக்கிறான். போனமுறை வேற மாமா, இந்தமுறை வேற மாமா எண்டு நினைக்கிறான் போல.' அதை வாசித்த பிறகு இன்னும் கொஞ்சம் இனிப்பைக் கூட்டினேன். சமையலறையில் கசெட் பதிகிற ரேடியோவை வைத்துக்கொண்டு, 'என்ர செல்லக்குட்டி' என்று நான் பழகிக்கொண்டிருந்ததை லியென் கேட்டுவிட்டார். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். "அண்ணை, இது ஆர் கதைக்கிறது?" என்றார். மகனுக்கு என்றேன். "பிள்ளைக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் இப்பிடிக் கதைக்கிறேல்லையே. நாளைக்கு உங்களைக் கண்டா அவன் ஆரெண்டு திரும்புவான்? உங்களிட்ட இருக்கிறதையே குடுங்கோ. ஒவ்வொரு தரமும் அதையே, அப்பிடியே குடுங்கோ."

அன்றிலிருந்து எல்லாக் கசெட்டையும் ஒரே வசனத்தில், ஒரே உயரத்தில், ஏறாமல் இறங்காமல் தொடங்கினேன். பிறகு நான் பேசினதெல்லாம் பனி பெய்தது, கிழங்கு அவித்தேன், அம்மா சொல்வழி கேள் என்கிற மாதிரி ஒன்றுக்கும் உதவாத கதைகள். நான் உள்ளே என்ன நினைத்தேன் என்று கேட்காதே. ஒன்றும் நினைக்கவில்லை. பட்டனை அமத்துவேன், அந்த வசனத்தைச் சொல்வேன், சுவரைப் பார்த்துக்கொண்டு பேசுவேன். ஆனால் ஒரு தரமும் அந்த வசனத்தை மாற்றவில்லை. லியென் தன் வீட்டுக்குக் குடிபோன பிறகும், எனக்குப் பேப்பர் வந்து வேலை கிடைத்த பிறகும் மாற்றவில்லை.

எண்பத்து ஒன்பதில் உங்களைக் கூப்பிட முடிந்தது. பிராங்பேர்ட் விமான நிலையத்தில், கண்ணாடிக் கதவு திறக்கிற இடத்தில் நின்றேன். பழைய ஹைம் பொடியள் பிடிவாதமாக வாங்கித் தந்த ஒரு பெரிய கரடிப் பொம்மை ஒரு கையில், ஒரு துணிப்பை மற்றக் கையில். அம்மா வந்தா. மெலிந்துபோயிருந்தா. நீ அவவுடைய சேலைக்குப் பின்னால். நான் முழங்காலில் இருந்து, கரடியை நீட்டி, எங்கேயோ மிச்சமிருந்த தேனையும் பாலையும் ஊற்றி, "என்ர செல்லக்குட்டி, இஞ்ச பாருங்கோ, அப்பா வந்திருக்கிறன்" என்றேன். நீ சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்தாய். கரடியை ஆட்டினேன், நீ முகத்தை மூடினாய். அம்மா, "அப்பாதானே ராசா, போங்கோ" என்று தள்ள, நீ கத்தத் தொடங்கினாய். போகிற வருகிற வெள்ளைக்காரர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை பிடிக்க வந்தவன் என்று நினைத்திருப்பார்கள். ஊரில் விரல் விரலாக விரித்து எடுத்த கை இப்போது என்னைக் கண்டு பயந்து சேலையைப் பிடித்திருந்தது. எனக்குக் களைத்துப்போயிற்று மகன். கரடியை நிலத்தில் வைத்தேன். கொடுக்க வேறொன்றும் இல்லாததால் அந்த வசனத்தைச் சொன்னேன், சுவரைப் பார்த்துச் சொல்கிற அதே குரலில்.

உன் கத்தல் நின்றது. சேலைக்குள்ளிருந்து ஒரு கண் வந்தது. நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் துணிப்பையைப் பார்த்தாய், அதற்குள் ரேடியோ இருக்கிறதா என்று. கிட்ட வந்து பையின் வாயை விரித்துப் பார்த்தாய், இல்லை. கரடிக்குப் பின்னால் பார்த்தாய், அங்கேயும் இல்லை. பிறகுதான் அண்ணாந்து என் வாயைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கைகட்டி, மிக மரியாதையாக, "ஓம் அப்பா, கதையுங்கோ" என்றாய்.

அம்மா அந்த இடத்திலேயே பெட்டியின் மேல் இருந்து அழுதா. ஊரில் கசெட் போடும் ஒவ்வொரு தரமும் நீ ரேடியோவுக்கு முன்னால் சம்மாணம் கொட்டி இருந்து, அந்த வசனம் வந்ததும் அதற்கு இப்படித்தான் பதில் சொல்வாயாம். என் வசனத்துக்கு எங்கேயோ ஒரு மறுமொழி இருந்திருக்கிறது, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்த அவ்வளவு காலமும். அன்றைக்கும் நான் அழவில்லை. ஆனால் என் தாடையில் ஊசியின் மரமரப்பு விடத் தொடங்கினது அன்றைக்குத்தான். விடும்போது வலிக்கும். அந்த வலியைத்தான் நான் சந்தோஷம் என்று வைத்திருக்கிறேன், எனக்கு வேறு பெயர் தெரியாது. அம்மா போனதை உனக்குச் சொன்ன நேரம் அந்தக் குரலுக்குள் என்ன இருந்தது என்று கேட்டாயே. எல்லாம் இருந்தது மகன். மாற்றிச் சொல்லியிருந்தால் சொன்னது யாரென்று உனக்குத் தெரிந்திருக்காது.

லியெனும் சோனும் கலியாணத்துக்கு வருகிறார்கள். மண்டபத்தில் யாராவது சமையலறையிலிருந்து கூவுகிற மாதிரி என்னைக் கூப்பிட்டால் சுபா பயப்படவேண்டாம் என்று சொல்லிவை. பெரியமாமா வேண்டிய மட்டும் பேசட்டும். அவர் பேசி முடித்த பிறகு மைக்கை ஒருமுறை இந்தப் பக்கம் நீட்டச் சொல். சனம் எழும்பி நின்றால் நிற்கட்டும். நான் உன்னைப் பார்த்து அந்த வசனத்தை மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடுவேன். நீ பெரிய மனிதன், எல்லோருக்கும் முன்னால் பதில் சொல்லத்தான் வேண்டும் என்று இல்லை. மனதுக்குள் சொன்னாலும் போதும்.

ராசா, அப்பா கதைக்கிறன்.